இடப்பக்கமே திரும்பிய விமானம்

முந்நூற்றுப் பன்னிரண்டு முறை மேலே போனார். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு முறை வண்டியோடு பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார். 2006 டிசம்பரில் தொடங்கி 2007 ஜூலை வரை எட்டு மாதம். தொலைந்தவை பதினான்கு விமானங்கள். இணையத்தில் வான்போர் ஆடுகிறவர்களுக்கு இந்த எண்களின் அருமை தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கும் சதர்ன் விங்ஸ் லீக்கில் அந்த எட்டு மாதத்தில் இப்படி ஓர் எண்ணிக்கை வேறு யாருக்கும் கிடையாது.

பட்டியலில் இருந்த பெயர் கேஜ்வீல். சேற்று வயலில் டிராக்டர் புதைந்துவிடாமல் இருக்கப் பின் சக்கரத்தில் மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரத்துக்கு அதுதான் பெயர். அதைத் தன் பெயராக வைத்துக்கொண்டவர் இருசப்பன். வயது முப்பத்தாறு. உத்திரமேரூர் பெரிய ஏரிக்கு ஓரமாக இருபத்தோரு வீடுகள் உள்ள இருளர் குடியிருப்பில் ஒன்பதாவது வீடு. ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. பதினோரு வருடமாக ஊரில் பெரிய வீட்டுக்காரரான வேதாசலத்தின் டிராக்டரை ஓட்டிவந்தார்.

ஆகஸ்டு மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லீக்கின் பட்டியலில் கேஜ்வீல் என்ற பெயரின் மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார்கள்: மோசடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருசப்பன் திருமுக்கூடலில் ஒரு வயலில் நடவுக்குச் சேறடித்துச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இவருடைய விமானத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் டிராக்டரின் பிரேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிராக்டருக்குப் பிரேக் இரண்டு. இடது பின் சக்கரத்துக்கு ஒன்று, வலது பின் சக்கரத்துக்கு ஒன்று. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டு ஒன்றாக மிதிக்க வேண்டும். வயலில் இறங்கியதும் கொக்கியை எடுத்துவிடலாம். வரப்புக்குப் பக்கத்தில் வந்ததும் இடது பிரேக்கை மட்டும் மிதித்தால் இடது சக்கரம் நிற்கும், வலது சக்கரம் சுற்றும். அவ்வளவு பெரிய வண்டி நின்ற இடத்திலேயே அரைச் சுற்றுச் சுற்றி வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

வேதாசலத்தின் டிராக்டரில் வலது பிரேக் 2001-லேயே செத்துப்போயிற்று. இருசப்பன் எட்டு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் வந்த பதில் ஒன்றுதான். எடப்பக்கம் திருப்பினா மாடு முட்டுமா, எடப்பக்கமே திருப்பு. ஆறு வருடம் இடப்பக்கமே திருப்பினார். 2004-இல் பழையசீவரம் போகும் வழியில் எதிரே லாரி வந்து பிரேக் போட்டபோது, வண்டி இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கால்வாயில் சாய்ந்தது. இருசப்பனுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டுப்போயிற்று. வேதாசலம் வந்து இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து இரண்டு ஹெட்லைட்டையும் தடவிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் டிரைவர் எங்கே என்று கேட்டார். பிரேக்கை அப்போதும் மாற்றவில்லை.

இந்தச் செத்த பிரேக்தான் பிறகு இந்தக் கதையில் சாட்சி சொல்லப்போகிறது.

2006 டிசம்பரில் வேதாசலத்தின் மகன் ஸ்ரீகாந்த் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சொந்தக் கட்டடத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் திறந்தான். ஆறு கம்ப்யூட்டர். கவுண்டரில் தேவகி. பன்னிரண்டாவது முடித்துவிட்டு டைப்பிங் படித்த பெண். மதியம் ஒரு மணிக்கு அவள் சாப்பிடப் போனால் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காலையிலேயே வயல் வேலை முடிந்துவிடுகிற நாட்களில் டிரைவர் சும்மாதானே இருக்கிறான் என்று வேதாசலத்துக்குத் தோன்றியது. இருசப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதற்குத் தனிக் கூலி கிடையாது.

ஆறாம் எண் மேசையில் ஸ்ரீகாந்த் தனக்கென்று ஒரு ஜாய்ஸ்டிக் வைத்திருந்தான். இரண்டாம் உலகப் போர் காலத்து விமானங்களை ஓட்டி, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு சண்டை போடும் விளையாட்டு. ஸ்ரீகாந்த் எடுப்பது எப்போதும் ஒற்றை எஞ்சின் சண்டை விமானம். பார்க்க அழகாக இருக்கும், குறுகிய வளைவில் திரும்பும். மேலே போவான், பத்து நிமிடத்தில் எரிந்து விழுவான், லைன் சரியில்லை என்று திட்டிவிட்டு எழுந்து போவான்.

லைன் சரியில்லை என்பது உண்மைதான். உத்திரமேரூருக்கு அப்போது வந்திருந்த இணைப்பில், எதிரி விமானம் திரையில் தெரிகிற இடத்தில் இருக்காது. அது அரை நொடிக்கு முன்னால் இருந்த இடம். நாம் குறிபார்த்துச் சுடுவது அவன் விட்டுப்போன காற்றை. கிட்டத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுகிறவனுக்கு அந்த அரை நொடி உயிர் போகிற விஷயம். ஸ்ரீகாந்த் இதைத் திட்டினான். இருசப்பன் இதை யோசித்தார்.

நகருகிறவனை இந்த லைனில் அடிக்க முடியாது. நகராததை அடிக்கலாம். பாலம் நகராது. பெட்ரோல் கிடங்கு நகராது. ரயில் நகர்ந்தாலும் தண்டவாளத்தில்தான் நகரும். அப்படியானால் குண்டு தூக்கிக்கொண்டு வேகமாகப் போய், ஒரே முறை போட்டுவிட்டு, யார் கையிலும் சிக்காமல் வருகிற வண்டி வேண்டும். பட்டியலைத் தேடினார். கடைசியில் யாரும் தொடாமல் கிடந்தது ஒரு இரட்டை எஞ்சின் விமானம். சண்டையும் போடும், குண்டும் போடும். கனமான உடம்பு. திருப்பினால் ஏரி மதகைத் திறக்கிற மாதிரி மெதுவாகத் திரும்பும். ஆடுகிறவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் பிணவண்டி.

முதல் மூன்று நாள் ஓடுபாதையைவிட்டு எழும்பவே இல்லை. வேகம் எடுக்கும்போதே மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் குத்தியது. நான்காவது நாள் விசைப்பலகையில் இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனியாக விசை கொடுக்க வழி இருப்பதைக் கண்டுபிடித்தார். இடது எஞ்சின் தனி, வலது எஞ்சின் தனி. அன்றைக்குத் தேவகி சாப்பிட்டுவிட்டு வந்தபோது இருசப்பன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "இதுக்கும் ரெண்டு பிரேக்குதாம்மா. இத்த போயி பிணவண்டின்றானுங்க" என்றார்.

இடது எஞ்சினைக் குறைத்து வலது எஞ்சினைக் கூட்டினால், அந்தக் கனமான வண்டி வரப்பில் திரும்புகிற மாதிரி இடப்பக்கம் மடங்கியது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் குறுகலாக மடங்கியது.

அதற்குப் பிறகு அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். எழும்பியதும் சண்டை நடக்கிற பக்கம் போகக் கூடாது. முதலில் முதுகைக் காட்டித் தன் பக்கமே பத்து நிமிடம் ஏற வேண்டும். மற்றவர்களுக்கு அந்தப் பத்து நிமிடப் பொறுமை கிடையாது. நாலாயிரம் மீட்டர் ஏறிய பிறகு சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மெல்லச் சரிந்து இறங்க வேண்டும். சரிவில் வேகம் தானாக வரும். அந்த வேகம்தான் இந்த வண்டிக்கு இருக்கிற ஒரே சொத்து. அதை எங்கேயும் செலவழிக்கக் கூடாது. இலக்குக்கு முன்னால் மரத்தின் உயரத்துக்கு வந்துவிட வேண்டும். குண்டில் சில நொடி தாமதம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் போட்ட குண்டிலேயே நாம் எரிவோம். மூக்கில் இருக்கிற துப்பாக்கிகள் எல்லாம் நேராகச் சுடுகின்றன. எதிரே யாராவது வந்தால் நேருக்கு நேர் ஒரு நொடி அழுத்தினால் போதும், நின்று பார்க்க வேண்டாம். இரண்டாவது முறை அதே இலக்குக்குப் போகவே கூடாது. முதல் முறை தூங்கிக்கொண்டிருந்த பீரங்கிக்காரன் இரண்டாவது முறை விழித்திருப்பான். ஒரு எஞ்சினில் அடி விழுந்தால் பதற வேண்டியதில்லை. அதன் எண்ணெயை அடைத்து, விசிறித் தகடுகளைக் காற்றை எதிர்க்காதபடி திருப்பி, செத்த எஞ்சின் கொஞ்சம் மேலாக இருக்கும்படி வண்டியைச் சாய்த்துப் பிடித்தால் மற்றொரு எஞ்சின் வீடு கொண்டுவந்து சேர்க்கும். வேகத்தை மட்டும் விட்டால் புரட்டிப்போட்டுவிடும்.

இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு விமானத்தை உடைத்துக் கற்றுக்கொண்டார். உடைத்தவை எல்லாம் ஸ்ரீகாந்த் பெயரில் இருந்த பயிற்சிக் களத்தில். லீக்கில் சேரும்போது தனக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றியது. தேவகிதான் டைப் அடித்தாள். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டபோது, வெளியே வெயிலில் நின்ற டிராக்டரைப் பார்த்தபடியே சொன்னார்.

அங்கேதான் தப்பு நடந்தது. லீக்கில் ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான். அதற்கு அடையாள அட்டை நகல் அனுப்ப வேண்டும். இருசப்பனுக்கு இருந்த ஒரே அடையாளம் டிரைவிங் லைசென்ஸ். அது அவர் கையில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே வேதாசலம் அதை வாங்கித் தன் வீட்டுப் பீரோவில் வைத்துக்கொண்டார். குடிசையில் வைத்தால் எலி கடிக்கும், என்கிட்ட பத்திரமா இருக்கும் என்றார். அந்த வட்டாரத்தில் அது ஒரு வழக்கம். ஆளின் அட்டை பெரிய வீட்டில் இருக்கும். ஆள் வேறு எங்கும் போக மாட்டான். போலீஸ் வண்டியை நிறுத்தினால், லைசென்ஸ் மொதலாளி வூட்ல கீது என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள்.

அதைத் திருப்பிக் கேட்க இருசப்பன் தயங்கினார். ஸ்ரீகாந்த் லீக்கில் சேர்ந்திருக்கவில்லை, அன்றைக்கு நல்ல மனநிலையிலும் இருந்தான். "என் கார்டயே போட்டுக்க இருசப்பா, இன்னா இப்போ" என்றான். தேவகி அவனுடைய அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பினாள். இருசப்பன் நன்றி சொன்னார்.

எட்டு மாதம் போயிற்று. கேஜ்வீல் பாலங்களை உடைத்தது. கிடங்குகளை எரித்தது. எதிரணியில் அந்தப் பெயர் திரையில் வந்தால் கீழே நிற்கும் விமானங்களை மறைத்துவைக்க ஆரம்பித்தார்கள். இருசப்பனுக்கு ஆங்கிலத்தில் அரட்டை அடிக்க வராது. யார் என்ன எழுதினாலும் ஓகே என்று மட்டும் அடிப்பார். இவன் ரொம்பத் திமிர் பிடித்தவன் என்று சென்னைப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. குண்டு போட்டு முடித்ததும் எப்போதும் இடப்பக்கமே மடக்கினார். வலப்பக்கம் திருப்பக் கை போகவே இல்லை. ஆறு வருடம் அந்தக் கால் வலது பிரேக்கை மறந்திருந்தது. கால் மறந்ததைக் கை எப்படி நினைக்கும். எதிரணியில் கெட்டிக்காரன் ஒருவன் இதைக் கவனித்துவிட்டான். இலக்குக்கு இடப்பக்கம் தாழ்வாகப் போய்க் காத்திருந்தான். மூன்று முறை சுட்டு வீழ்த்தினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் காத்திருக்கப் பழகினார்கள். தொலைந்த பதினான்கில் பதினொன்று இப்படிப் போனவை.

ஜூலை கடைசியில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. முதல் எட்டு இடத்தில் இருப்பவர்கள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சியில் நேரில் ஆட வேண்டும். கடிதம் ஸ்ரீகாந்தின் மெயிலுக்கு வந்தது. தேவகிக்குத் தெரிந்து, அவள் இருசப்பனிடம் சொன்ன பிறகுதான் ஸ்ரீகாந்த் வாயைத் திறந்தான். பெயர் என் கார்டில்தான் இருக்கிறது, நான்தான் போக முடியும் என்றான். அங்கே இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள், உன்னால் பதில் சொல்ல முடியாது என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலுக்கு வண்டி வாடகைக்குப் பேசியிருக்கிறது என்று வேதாசலம் சொல்லி அனுப்பினார்.

இருசப்பன் போகட்டும் என்று விட்டார். எப்படி ஓட்ட வேண்டும் என்று இரண்டு நாள் ஸ்ரீகாந்துக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தார். பத்து நிமிடம் ஏற வேண்டும் என்றபோது ஸ்ரீகாந்த் கொட்டாவி விட்டான்.

சென்னையில் ஸ்ரீகாந்த் பத்து நிமிடம் ஏறவில்லை. எழும்பியவுடன் சண்டைக்குள் நுழைந்தான். முதல் ஆட்டத்தில் நான்கு நிமிடம். இரண்டாவதில் ஓடுபாதையிலேயே மூக்கைக் குத்திக்கொண்டான். மூன்றாவதில் தானே போட்ட குண்டில் தானே எரிந்தான். கூட்டம் சிரித்தது. எட்டு மாதம் வீட்டிலிருந்து அப்படி ஆடிய ஆள், எல்லோரும் பார்க்க உட்கார்ந்தால் இப்படியா ஆடுவான்? திருட்டு மென்பொருள் போட்டுத்தான் ஓட்டியிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். ஸ்ரீகாந்த் மறுக்கவில்லை. ஓட்டியது நான் இல்லை என்ற ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவில்லை. மோசடி செய்தவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வான், டிராக்டர் டிரைவரின் பெயரில் வந்தவன் என்று சொல்ல மாட்டான்.

செவ்வாய்க்கிழமை மதியம் தேவகி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு இருசப்பன் அர்த்தம் கேட்டார். சொன்னாள்.

ஸ்ரீகாந்த் வந்ததும் கேட்டார். அவன் செல்போனைப் பார்த்தபடி, விளையாட்டுத்தானே, இதையெல்லாம் பெரிசு பண்ணாதே, வேறு பெயர் வைத்து ஆடிக்கொள் என்றான்.

"நா திருடலியே தம்பி" என்றார் இருசப்பன். "முந்நூறு தபா போயிக்கிறேன். ஒரு தபா கூட திருடலியே."

"நீதான் ஓட்னேன்னு யாருக்குத் தெரியும்? எதுனா ரெக்கார்டு கீதா?"

இருந்திருக்க வேண்டும். பிரௌசிங் சென்டருக்கு வருகிற ஒவ்வொருவரின் பெயரையும், வந்த நேரம், போன நேரத்தோடு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது போலீஸ் உத்தரவு. பள்ளிப் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க வந்தால்கூட எழுதினார்கள். தேவகி எட்டு மாதப் பதிவேட்டையும் புரட்டினாள். இருசப்பன் என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. கடையைக் காவல் காக்கிற ஆளை வாடிக்கையாளர் என்று எப்படி எழுதுவது? எட்டு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் சட்டப்படி அங்கே வரவே இல்லை.

வீட்டில் அம்முலு கேட்டுக்கொண்டிருந்தாள். இருசப்பனின் மனைவி. புள்ளலூரிலிருந்து வந்தவள், நடவு வேலைக்குப் போகிறவள். விமானம், குண்டு இதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டு இல்லை. பெண்டாட்டிக்கு ஒரு புடவை வாங்க வக்கில்லை, ஜெர்மனிக்குப் போய் பாலம் உடைத்துவிட்டு வருகிறாராம் என்று தெரு முழுக்கக் கிண்டல் செய்தவள்தான் அவள். ஆனால் மோசடி என்ற சொல் அவளுக்குப் புரிந்தது. ஏரிக்கரைப் பக்கம் எங்கே என்ன காணாமல் போனாலும் முதலில் இந்த இருபத்தோரு வீட்டைத்தான் வந்து கிளறுவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவள்.

"நீ செய்யலன்னா போயி சொல்லு" என்றாள். "சும்மா குந்திக்கினு இருந்தா செஞ்சவன்னுதான் அர்த்தம்."

யார் கேட்பார்கள் என்றார். அடையாளமே பெரிய வீட்டில் இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை நாஷ்டா வேளையில் இரண்டு பேரும் வேதாசலத்தின் வாசலில் நின்றார்கள். வேதாசலம் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தார். லைசென்ஸ் வேண்டும் என்றார் இருசப்பன். எதுக்கு என்றார் வேதாசலம். மெட்ராஸ் போகணும் என்றார் இருசப்பன். பதினோரு வருடத்தில் அவர் வேதாசலத்திடம் எதையுமே காரணம் சொல்லாமல் கேட்டது கிடையாது. இந்த முறையும் சொல்லத்தான் வாய் எடுத்தார். அம்முலு முந்திக்கொண்டாள்.

"அது அவுரு பேரு போட்ட அட்டை, அவுருக்கு வேணும்."

"தொலச்சிடுவானுங்கன்னுதானம்மா நா வச்சிக்கினு கீறேன். இன்னா பேஜாரு இது காலங்காத்தால."

"தொலையட்டும் மொதலாளி. எங்க கையில தொலையட்டும். எடுத்தாங்க."

வேதாசலம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அட்டையை வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கு வண்டிச் சாவியைத் தொட வேண்டாம் என்றார். இருசப்பன் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்தார். வலது பிரேக்கைப் பற்றி ஒன்பதாவது முறையாகச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியதாம். சொல்லவில்லை.

லைசென்ஸ் வந்தது. பதினோரு வருடம் பீரோவில் இருந்ததில் அதன் ஓரத்தை ஏதோ பூச்சி அரித்திருந்தது.

லீக்கின் நடுவர் பெயர் ஐசக். மேற்கு மாம்பலத்தில் மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். முகவரியைத் தேவகி எழுதிக் கொடுத்தாள். இருசப்பனும் அம்முலுவும் தாம்பரம்வரை பஸ்ஸிலும் பிறகு மின்சார ரயிலிலும் போய், பதினோரு மணிக்கு அந்த மாடிப்படி ஏறினார்கள். ஐசக்குக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ரிப்பேருக்கு வந்தவர்கள் என்று நினைத்து, என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்டார்.

"கம்ப்ளெயின்டுதான்" என்றார் இருசப்பன். "கேஜ்வீல் நாந்தான்."

ஐசக் சிரிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம்பவும் இல்லை. அந்தப் பெயர் ஸ்ரீகாந்த் என்பவருடையது என்றார். அவருடைய மூன்று ஆட்டத்தையும் தானே பார்த்ததாகச் சொன்னார். ஐந்து பேர் கமிட்டி முடிவு எடுத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். முடிந்தால் மெயில் அனுப்புங்கள் என்று சொல்லிக்கொண்டே மேசையில் வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை மறுபடியும் எடுத்தார்.

இருசப்பன் நகரவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. அதைக் கேட்டார். கேஜ்வீலை இடப்பக்கம் காத்திருந்து மூன்று முறை சுட்டது யார்? பட்டியலில் அவன் பெயரைப் பார்த்திருக்கிறேன், ஆள் யார் என்று தெரியாது.

ஐசக்கின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அது நான்தான் என்றார். அவன் குண்டு போட்டதும் இடப்பக்கம்தான் மடக்குவான், வேறு யாரும் கவனிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகவே சொன்னார்.

"எப்பவும் எடப்பக்கந்தானா சார்?"

"எப்பவும். ஒரு தடவை கூட மாறினது இல்ல."

"அன்னிக்கு கண்காட்சில வந்த ஆளு எந்தப் பக்கம் திரும்பினாரு?"

"வலப்பக்கம்" என்றார் ஐசக்.

"வலப்பக்கம் திரும்பிக்கிறாரு. நீங்க பாத்துக்கினு இருந்தீங்க. முந்நூறு தபா எடப்பக்கம் திரும்பினவன் இன்னிக்கி எப்பிட்றா வலப்பக்கம் திரும்புறான், இவன் வேற ஆளாச்சேன்னு ஒரு தபா கேக்கத் தோணலியா சார் உங்களுக்கு? என்னைச் சுட்றதுக்குத் தெரிஞ்சுது. திருடன்னு எழுதறப்போ தெரியலியா?"

கடையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐசக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். உட்காருங்கள் என்றார். லீக்கில் ஒவ்வொரு பறத்தலும் பதிவாகி இருக்கும். கண்காட்சியில் பறந்த மூன்றையும் திறந்து பார்த்தார். முதல் ஆட்டம், வலம். மூன்றாவது ஆட்டம், எரிவதற்கு முன்னால், வலம். இரண்டாவது ஆட்டத்தில் திரும்புகிற அளவுக்கு வண்டி எழும்பவே இல்லை.

பிறகு ஜாய்ஸ்டிக்கை இருசப்பன் பக்கம் தள்ளினார்.

இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எழும்பினார். முதுகைக் காட்டித் தன் பக்கமே ஏறினார். பத்து நிமிடம் அதேதான். அம்முலு, இன்னா இன்னும் சண்டையே வரலியே என்றாள். நாலாயிரம் மீட்டரில் மூக்கைச் சாய்த்தார். மரத்தின் உயரத்துக்கு வந்தபோது பாலம் நேர் எதிரில் இருந்தது. இரண்டு குண்டு. பின்னால் வெடித்தது. கை தானாக இடது எஞ்சினைக் குறைத்து வலது எஞ்சினைக் கூட்டியது. அந்தக் கனமான வண்டி வரப்பில் திரும்புவதுபோல இடப்பக்கம் மடங்கி நேராகியது. இறங்கி ஓடி நின்றது.

ஐசக் ஒரு கேள்வி கேட்டார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் வலப்பக்கம் திரும்புவதே இல்லை? திரும்பியிருந்தால் பதினொரு விமானம் மிஞ்சியிருக்குமே.

"வலது பிரேக்கு கெடையாது சார்" என்றார் இருசப்பன். டிராக்டர் கதையை அம்முலுதான் சொன்னாள். கால்வாயையும் ஹெட்லைட்டையும் விடவில்லை.

ஐசக் கமிட்டியின் மற்ற நான்கு பேரோடு தொலைபேசியில் பேசினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவு இதுதான். மோசடி என்ற சொல்லை எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில், பதிவு செய்தவர் வேறு ஆடியவர் வேறு என்று எழுதுவார்கள். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டையும் இருசப்பன் பெயருக்கு மாற்ற முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு ஒரு பெயர். விதி அப்படி.

"பறந்தது யாரு சார்?"

"நீங்கதான். அதுல சந்தேகமே இல்ல."

"கணக்கு யார் பேர்ல நிக்குது?"

"ஸ்ரீகாந்த் பேர்ல."

"நல்லா கீது சார் உங்க சட்டம்" என்றார். "எங்க ஊர்லயும் இப்பிடித்தான். ஓட்றவன் ஒர்த்தன், வண்டிக்காரன்னு பேரு இன்னொருத்தனுக்கு."

ஐசக் மன்னிப்புக் கேட்டார். இருசப்பன் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். புதிதாக ஒரு பெயர் பதிந்து தரச் சொன்னார். என்ன பெயர் போடட்டும் என்று கேட்டார் ஐசக். அட்டையில் இருப்பதையே போடச் சொன்னார். இருசப்பன், உத்திரமேரூர். அதற்கு நேராகப் பறத்தல் பூஜ்யம், இலக்கு பூஜ்யம், தொலைந்தது பூஜ்யம் என்று திரையில் வந்தது.

கிளம்பும்போது ஐசக், இனி வலப்பக்கமும் திரும்பிப் பழகுங்கள், நான் மறுபடியும் இடப்பக்கம் காத்திருப்பேன் என்றார். "காத்துக்கினு இருங்க" என்றார் இருசப்பன். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வேதாசலத்தின் டிராக்டருக்கு மதுராந்தகத்திலிருந்து புது டிரைவர் வந்தார். ஏறி உட்கார்ந்து இரண்டு பெடலையும் மிதித்துப் பார்த்துவிட்டு, வலது பிரேக் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று இறங்கிவிட்டார். இரண்டே நாளில் பிரேக் மாற்றியாயிற்று. ஆறு வருடம் நடக்காத வேலை. இருசப்பன் இப்போது திருமுக்கூடலில் வேறு ஒருவரின் டிராக்டரை ஓட்டுகிறார். அதில் இரண்டு பிரேக்கும் பிடிக்கிறது. லைசென்ஸ் அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

உத்திரமேரூர் பிரௌசிங் சென்டருக்கு அவர் போவதில்லை. காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, அங்கே பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏழாம் எண் மேசையில் உட்கார்ந்து முதல் முறை பறக்கிறார்.